மூன்று ரூபாயில் ஒரு மலைப் பயணம்

குழந்தைகளே! மலைக்குச் சுற்றுலா போவதென்றால் உங்கள் வீட்டில் எத்தனை ஏற்பாடுகள் நடக்கும்! எந்த ரயில், எவ்வளவு கட்டணம், எங்கே தங்குவது, என்றைக்குத் திரும்புவது என்று பெரியவர்கள் நாள்கணக்கில் பேசுவார்கள். 16 வயதுப் பையன் ஒருவன் ஒரே காலைப்பொழுதில் இப்படி ஒரு பயணத்துக்குத் திட்டம் போட்டான். அதில் பெரிய தவறு ஒன்றும் இருந்தது.

அவன் பெயர் வேங்கடராமன். 1879 டிசம்பர் 30ல் திருச்சுழியில் பிறந்தவன். 12 வயதில் அப்பாவை இழந்து, மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தான். கால்பந்து, மல்யுத்தம் என்றால் உயிர். தூங்கிவிட்டால் மட்டும் இடி விழுந்தாலும் எழமாட்டான். விழித்திருக்கும்போது அவனிடம் வாலாட்டப் பயந்த பையன்கள், தூங்கும்போது தூக்கிக்கொண்டு போய் நன்றாக அடித்துவிட்டு, மறுபடி படுக்கவைத்து விடுவார்களாம்!

1895ல் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், தாம் அருணாசலத்திலிருந்து வருவதாகச் சொன்னார். அது திருவண்ணாமலைக்கு இன்னொரு பெயர். அப்படி ஓர் இடம் பூமியில் இருக்கிறதா என்று வேங்கடராமனுக்கு ஒரே வியப்பு. அடுத்த ஆண்டு ஒருநாள் திடீரென மரண பயம் அவனைப் பிடித்தது. பிணம்போல் அசையாமல் படுத்து, சாவது உடம்புதானே, நான் யார் என்று தனக்குள் ஆராய்ந்து பார்த்தான். பயம் போய்விட்டது; படிப்பில் இருந்த கொஞ்ச ஆசையும் போய்விட்டது.

1896 ஆகஸ்ட் 29. ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று முறை எழுதும்படி ஆசிரியர் கொடுத்த தண்டனையைச் செய்துகொண்டிருந்தான். இரண்டு முறை எழுதியதும் நோட்டை மூடிவிட்டுக் கண்ணையும் மூடி உட்கார்ந்துவிட்டான். அண்ணன் நாகசாமி கண்டித்தார். வேங்கடராமன் அன்றே கிளம்ப முடிவு செய்தான். (இம்போசிஷன் எழுதவைத்த ஆசிரியர்களில் நானும் ஒருவன். இதை எழுதும்போது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது!)

ஸ்பெஷல் கிளாஸ் இருப்பதாகச் சொன்னான். அப்படியே தன் கல்லூரிச் சம்பளத்தையும் கட்டிவிடும்படி 5 ரூபாய் எடுத்துக்கொள்ளச் சொன்னார் அண்ணன். பழைய அட்லஸைப் பிரித்துப் பார்த்தான். திருவண்ணாமலைக்குப் பக்கத்து ரயில் நிலையம் திண்டிவனம் என்று தெரிந்தது. 3 ரூபாய் போதும் என்று கணக்குப் போட்டு, மீதி 2 ரூபாயைக் கடிதத்தோடு வைத்துவிட்டுப் புறப்பட்டான். தன்னைத் தேடிச் செலவு செய்ய வேண்டாம் என்று அதில் எழுதியிருந்தான்.

திண்டிவனம் டிக்கெட் 2 ரூபாய் 13 அணா. ஒரு ரூபாய்க்கு 16 அணா. கையில் மிச்சம் எவ்வளவு? மூன்றே அணா! திருச்சியில் அரை அணாவுக்குப் பேரிக்காய் வாங்கினான். ஒரு கடி கடித்ததுமே வயிறு நிறைந்ததுபோல் இருந்ததாம்.

ரயிலில் வந்த மௌல்வி ஒருவர்தான் தவறைச் சொன்னார். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கே ரயில் போகிறது! பழைய அட்லஸில் அந்தப் புதிய பாதை இல்லை. விடியுமுன் விழுப்புரத்தில் இறங்கினான். மிச்சக் காசுக்கு மாம்பழப்பட்டு வரைக்கும்தான் டிக்கெட் கிடைத்தது. அங்கிருந்து நடை. சுமார் 16 கிலோமீட்டர் நடந்து அரகண்டநல்லூர் கோயிலை அடைந்தான். இரவு கீழூர்க் கோயிலில் மேளக்காரர் ஒருவர் தன் பங்குச் சோற்றைக் கொடுத்தார்.

மறுநாள் கோகுலாஷ்டமி. முத்துக்கிருஷ்ண பாகவதர் வீட்டில் வயிறாரச் சாப்பாடு கிடைத்தது. தன் தங்கக் கடுக்கனை அவரிடம் அடகு வைத்து 4 ரூபாய் வாங்கினான். வெளியே வந்ததும் அடகுச் சீட்டைக் கிழித்துப் போட்டான். திரும்பி வரும் எண்ணம் இருந்தால்தானே சீட்டு வேண்டும்! செப்டம்பர் 1 காலை திருவண்ணாமலையில் இறங்கினான். அன்றே மீதிப் பணத்தை அய்யங்குளத்தில் எறிந்துவிட்டான்.

பிறகு அவர் ரமண மகரிஷி என்று பெயர் பெற்றது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சுமார் 2,600 அடி உயரமுள்ள அந்த மலையில் விருபாட்ச குகையிலும் பிறகு ஸ்கந்தாசிரமத்திலுமாக 1922 வரை வாழ்ந்தார். மலையின் மூலைமுடுக்கெல்லாம் அவருக்குப் பழக்கம். ஒருமுறை பாறைமீது ஏறும்போது கால் பட்டுக் குளவிக் கூடு கலைந்துவிட்டது. அவர் ஓடவில்லை. கூட்டைக் கலைத்த காலைக் குளவிகள் கொட்டித் தீர்க்கும்வரை அங்கேயே நின்றார்!

ஆனால் அம்மா அழகம்மாளின் நிலையை யோசித்துப் பாருங்கள். மகன் இருக்கும் இடம் தெரியவே இரண்டு வருடம் ஆனது. 1898 டிசம்பரில் வந்து, வீட்டுக்குத் திரும்பும்படி தினமும் அழுதார். மௌனமாக இருந்த மகன், நடப்பது நடந்தே தீரும் என்ற கருத்தை ஒரு தாளில் எழுதிக் காட்டினார். அம்மா அவர் இல்லாமலே திரும்பினார்.

1916ல் அம்மாவே மகனோடு இருக்க மலைக்கு வந்துவிட்டார். ஸ்கந்தாசிரமத்தில் எல்லாருக்கும் சமைத்துப் போட்டார். 1922 மே மாதம் அவர் காலமானதும் மலையடிவாரத்தில் சமாதி அமைத்தார்கள். ரமணர் அடிக்கடி மலையிலிருந்து இறங்கி அங்கே வந்து போவார். அந்த ஆண்டு டிசம்பரில் ஒருநாள் வந்தவர், திரும்ப மேலே போகாமல் அங்கேயே தங்கிவிட்டார். அந்த இடம்தான் ரமணாசிரமம். 1950 ஏப்ரல் 14ல் மறையும் வரை, 54 ஆண்டுகளில் ஒருநாள்கூட அவர் திருவண்ணாமலையை விட்டு வெளியே போகவில்லை.