மெச்சினிக்கோவும் நீர்த்தெள்ளும்

குருதியிலுள்ள வெண்கலங்கள் நோய்க்கிருமிகளை விழுங்கி உடலைக் காக்கின்றன என்பதை இன்று கீழ்வகுப்பு மாணவரும் அறிவர். அவ்வுண்மையை உலகுக்கு உணர்த்திய பேரறிஞர் இலியா மெச்சினிக்கோவ் ஆவர். அக்காவற் கலங்கள் தோற்கும் இடத்தையும் அவரே மறையாது எழுதிவைத்தார் என்பதைப் பலர் அறியார். அதனையே ஈண்டு நினைவுகூர விழைகின்றோம்.

அன்னார் 1845 ஆம் ஆண்டு, அந்நாளில் ருஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்த உக்கிரேனிற் பிறந்தார். விலங்கியல் கற்று ஒடெசாவிற் பேராசிரியராயினார். 1873 இல் முதன் மனைவியாரைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். ஆகவே, நோயின் கொடுமையை அவர் ஏட்டில் மட்டும் கற்றவரல்லர்.

1882 இல் சிசிலித் தீவின் மெசினாவுக்குச் சென்றார். நம் திருகோணமலையைப் போன்று அதுவும் இயற்கைத் துறைமுகம் வாய்ந்த ஊர். அக்கடலில் எடுத்த உடுமீன் குடம்பியின் பளிங்கனைய உடலில் றோசா முள்ளொன்றைச் செருகினார். மறுநாள் நுணுக்குக்காட்டியில் நோக்கியபோது, அசையுங் கலங்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன.

பின்னர் நன்னீரில் வாழும் நீர்த்தெள்ளை ஆராய்ந்து, 1884 இல் அதன் முடிவுகளை வெளியிட்டார். இரையோடு உட்சென்ற பங்கசின் ஊசியனைய வித்திகள் குடற்சுவரைத் துளைத்து உடலினுட் புகுந்தன. குருதிக் கலங்கள் அவற்றைச் சூழ்ந்து அழித்தன, உயிரி பிழைத்தது. ஆயின், அழியுமுன் ஒரு வித்தி முளைத்துவிடின், அதன் அரும்புகள் பெருகின, காவற் கலங்கள் கரைந்தன, உயிரி மாண்டது.

1782 இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய நம் கோட்டை அதே ஆண்டிற் பிரெஞ்சுக்காரர் வசமானதை அறிந்த நமக்கு இது வியப்பன்று. காவல் இருப்பது வேறு. காவல் வெல்வது வேறு.

1888 முதற் பாரிசிலுள்ள பாஸ்டர் நிலையத்தில் உழைத்த அவர், 1908 இல் பவுல் ஏளிக்குடன் நோபெல் பரிசைப் பகிர்ந்து, 1916 இல் மறைந்தார்.

அவர் தொட்ட வினா மறையவில்லை. கன்டிடா என்னும் பங்கசு, தன்னை விழுங்கிய கலத்தினுள்ளே இழையாக நீண்டு, அதனைக் கிழித்து வெளிப்படும். அது சுரக்கும் நஞ்சொன்று 2016 இல் அறியப்பட்டது. மூளையுறை அழற்சியை விளைக்கும் கிறிப்ற்றோகொக்கசோ வெல்லப்பாகு போன்ற உறையொன்றைப் போர்த்தது. விழுங்கிய கலத்தினுள்ளேயே வாழ்ந்து பெருகவல்லது. சிலவேளை அக்கலத்துக்கு ஊறு செய்யாமலே அது வெளியேறுவதை 2006 இல் இரு ஆய்வுக் குழுவினர் வெளியிட்டனர். உடலின் காவல் தளர்ந்தோர்க்கு இவை உயிர்ப்பகை.

நீர்த்தெள்ளைக் கொன்ற அப்பங்கசின் இனம் இன்று மெச்சினிக்கோவின் பெயரையே தாங்கி நிற்கின்றது. நீர்த்தெள்ளுகள் நம் ஈழத்துக் குளங்களிலும் உள. ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியைக் குனிந்து நோக்கும் நம் மாணவர், தம் கருத்துக்கு இசைந்ததை மட்டுமன்றி இசையாததையும் கண்டபடியே எழுதப் பழகுவாராக. அப்பெரியார்க்கு நாம் செய்யத்தக்க நன்றி அதுவே.