பிள்ளையைப் பார்த்துப் பாடம் தந்த மருத்துவர்

பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை, ஏதும் மருந்து உண்டா என்று கேட்டுத் தாய்மார் என்னிடம் வரும்போதெல்லாம் மரியா மொண்டிசோரி அம்மையாரை நினைத்துக்கொள்வேன். அவரும் ஒரு மருத்துவரே.

1870இல் இத்தாலியில் பிறந்த அவர், 1896இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். மனநோயாளர் விடுதிகளில் அடைபட்டிருந்த பிள்ளைகளைக் கண்டு, அவர்களுக்கு மருந்தைவிடக் கல்வியே தேவை என உணர்ந்தார். தொட்டும் தடவியும் எழுத்தறிந்த அவர்களுட் சிலர் பொதுப் பரீட்சையிலும் சித்தியடைந்தனர். ஊர் வியந்தது. அவரோ, சுகமான பிள்ளைகளும் அதே அளவில் நிற்பதேன் என்று கவலைப்பட்டார்.

1907 ஜனவரி 6ஆம் திகதி ரோமின் ஏழைக் குடியிருப்பான சான் லொரென்சோவில் சிறுவர் இல்லத்தைத் தொடங்கினார். அங்கே வேலையைத் தெரிவு செய்தது பிள்ளை. கவனித்துத் துணைநின்றவர் ஆசிரியர்.

1939இல் சென்னை அடையாறுக்கு வந்தவர், 1944இல் இலங்கையிலும் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். 1952இல் நெதர்லாந்தில் காலமானார்.

அரிவரியில் மணலில் விரலால் எழுதிப் பழகிய நமக்கு அவர் வழி அந்நியமன்று. இன்றும் பிள்ளையின் கண்ணையும் காதையும் சோதித்தபின், கையால் என்ன செய்ய அதற்கு விருப்பம் என்று தாயிடம் கேட்கிறேன். பலர் அதை இதுவரை கவனித்ததில்லை.