ஆந்த்ரே த ஜயன்ட்

ஆந்த்ரே த ஜயன்ட் (மே 19, 1946 – ஜனவரி 28, 1993) என்னும் பெயரால் உலகெங்கும் அறியப்பட்ட ஆந்த்ரே ரெனே ரூசிமோஃப், பிரான்ஸ் நாட்டில் பிறந்த தொழில்முறை மற்போர் வீரரும் நடிகரும் ஆவார். உடலில் வளர்ச்சி இயக்குநீர் மிகையாகச் சுரப்பதால் உண்டாகும் அக்ரோமெகலி என்னும் நோயின் காரணமாக இவர் மிகப் பெரிய உடலமைப்பைக் கொண்டிருந்தார். இவரது உயரம் 7 அடி 4 அங்குலம் (224 செ.மீ.) என்றும் எடை 520 பவுண்டு (236 கி.கி.) என்றும் விளம்பரப்படுத்தப்பட்டது. உண்மை உயரம் இதனினும் சற்றுக் குறைவு என்போரும் உண்டு. 1973 முதல் நியூயார்க்கைத் தளமாகக் கொண்ட மற்போர் நிறுவனத்தில் (பிற்கால டபிள்யூ.டபிள்யூ.எஃப்.) பங்கேற்ற இவர், பதினைந்து ஆண்டுகள் தோல்வியே காணாதவர் என அறிவிக்கப்பட்டு, 1987இல் ஹல்க் ஹோகனிடம் தோற்றார். அத்தோல்வி மற்போர் வரலாற்றில் மிக அதிகமாகப் பேசப்பட்ட முடிவுகளுள் ஒன்றாகும்.

இளமைக்காலம்

ஆந்த்ரே பாரிஸ் நகருக்குக் கிழக்கே அமைந்துள்ள கூலோமியே நகரில் பிறந்தார். தந்தை போரிஸ் பல்கேரியாவிலிருந்தும் தாய் மரியன் போலந்திலிருந்தும் பிரான்சில் குடியேறியவர்கள். குடும்பம் மோலியன் என்னும் சிற்றூரில் வேளாண்மை செய்து வந்தது. பன்னிரண்டு வயதிலேயே ஆந்த்ரே ஆறடியைத் தாண்டி வளர்ந்துவிட்டார். பதினான்கு வயதளவில் பள்ளிப்படிப்பை நிறுத்திவிட்டுத் தந்தையின் நிலத்தில் உழைத்தார். அயர்லாந்து எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட்டுக்கு அவ்வட்டாரத்தில் ஒரு வீடு இருந்தது. அவர் ஆந்த்ரேயைத் தமது வண்டியில் பள்ளிக்கு ஏற்றிச் சென்றார் என்னும் செய்தி பலராலும் விரும்பிச் சொல்லப்படுவது. அது நாள்தோறும் நடந்த வழக்கம் என்பது பின்னர் ஏற்பட்ட மிகைப்படுத்தல் ஆகும்.

1960களின் நடுப்பகுதியில் பாரிசுக்குச் சென்று மற்போர் பயின்ற இவர், பிரான்சின் நாட்டார் கதைகளில் வரும் ஒரு வீரநாயகனின் பெயரைத் தழுவி 'ழெயான் ஃபெரே' என்ற பெயரில் களமிறங்கினார். 1970இல் ஜப்பானுக்கும் 1971இல் கனடாவின் மொன்றியால் நகருக்கும் சென்றார்.

மொன்றியாலில் கிடைத்த பாடம்

இவரது வாழ்க்கையைப் புரிந்துகொள்ளத் தொழில்முறை மற்போரின் இயல்பை அறிந்திருத்தல் வேண்டும். ஒலிம்பிக் போட்டிகளில் காணப்படும் மற்போரைப் போலன்றி, இதில் யார் வெல்வது, யார் தோற்பது என்பது முன்கூட்டியே முடிவு செய்யப்படுகிறது. இவ்வாறு முடிவு செய்வது புக்கிங் எனப்படும்; அதைச் செய்பவர் புக்கர். அடிகளும் வீழ்ச்சிகளும் உடலை உண்மையாகவே வருத்துவன. முடிவு மட்டுமே எழுதி வைக்கப்பட்டது. எனவே ஒரு வீரர் தொடர்ந்து பல ஆண்டுகள் வெற்றி பெற்றார் என்றால், அது அவரது வலிமையைக் காட்டுவதைவிட, அவரைத் தோற்கடிக்க வேண்டாம் என ஒருவர் தொடர்ந்து எண்ணி வந்தார் என்பதையே காட்டுகிறது.

மொன்றியாலில் ஆந்த்ரேயைக் காணத் தொடக்கத்தில் பெருங்கூட்டம் திரண்டது. 1972 மே மாதத்தில் டான் லியோ ஜொனாதன் என்னும் மற்றொரு பேருருவ வீரருடன் இவர் மோதியபோது மொன்றியால் ஃபோரம் அரங்கு நிரம்பி வழிந்தது. ஆனால் அதன்பின் வருகை குறையத் தொடங்கியது. இவரை வெல்லக்கூடியவர் என மக்கள் நம்பத்தக்க எதிராளி ஒருவரும் எஞ்சவில்லை. ஒரே ஊரில் வாரந்தோறும் பார்த்தால் மலையும் மண்மேடாகிவிடும் அல்லவா? தோற்கடித்தால் இவரது தனிச்சிறப்பு போய்விடும். தோற்கடிக்காவிட்டால் பார்ப்பவர்களுக்கு ஆர்வம் போய்விடும்.

இச்சிக்கலுக்குத் தீர்வு கண்டவர் நியூயார்க்கின் மற்போர் அமைப்பாளரான மூத்த வின்ஸ் மக்மகான் ஆவார். இவரே 'ஆந்த்ரே த ஜயன்ட்' என்ற பெயரையும் நிலைபெறச் செய்தார். 1973 மார்ச் 26 அன்று மாடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கில் ஆந்த்ரே முதன்முதலாகத் தோன்றினார். அக்காலத்தில் அமெரிக்க மற்போர் பல வட்டாரங்களாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் தனி அமைப்பாளரும் தனி வாகையரும் இருந்தனர். மக்மகான் ஆந்த்ரேயைத் தம் வட்டாரத்திலேயே வைத்துக்கொள்ளாமல், சில நாள்களுக்கென ஏனைய வட்டாரங்களுக்கு அனுப்பிவைத்தார். சென்ற இடமெல்லாம் ஆந்த்ரே ஒரு திருவிழாவைப் போல ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ வந்து, வென்று, மக்கள் சலிப்படையும் முன்னர் அடுத்த ஊருக்குப் புறப்பட்டுவிடுவார். வாகையர் பட்டத்திற்காக இவரை நீண்டகாலம் மோதவிடாமல் இருந்ததும் இத்திட்டத்தின் ஒரு பகுதியே. பட்டம் வைத்திருப்பவர் என்றேனும் அதை இழக்க வேண்டும். பட்டமே இல்லாதவருக்கு அத்தேவை இல்லை. மற்போர் புக்கிங் வரலாற்றில் இதைவிட நுட்பமான ஏற்பாடு அரிது.

இதன் பயனாக 1974இல் உலகிலேயே மிக அதிக ஊதியம் பெறும் மற்போர் வீரராகக் கின்னஸ் நூல் இவரைக் குறிப்பிட்டது. 1976 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் ஷே விளையாட்டரங்கில் குத்துச்சண்டை வீரர் சக் வெப்னரைக் களத்திற்கு வெளியே தூக்கியெறிந்து வென்றார். அவ்வாண்டிலேயே 'த சிக்ஸ் மில்லியன் டாலர் மேன்' என்னும் தொலைக்காட்சித் தொடரில் காட்டுமனிதனாக நடித்தார். 1985 மார்ச் 31 அன்று நடந்த முதலாவது ரெசில்மேனியாவில் பிக் ஜான் ஸ்டட்டைத் தூக்கித் தரையில் அறைந்து 15,000 டாலர் பந்தயத்தை வென்று, பணத்தைக் கூட்டத்தினரை நோக்கி அள்ளி வீசினார்.

குறிப்பிடப்படாத தோல்விகள்

பதினைந்து ஆண்டுகள் தோல்வி காணாதவர், எவராலும் தூக்கி அறையப்படாதவர் என 1987இல் செய்யப்பட்ட விளம்பரம் உண்மைக்குப் புறம்பானது. 1984இல் மெக்சிக்கோவில் கானெக் என்னும் முகமூடி வீரர் இவரைத் தூக்கி அறைந்து வென்றார். 1986 ஜூன் மாதத்தில், அதாவது ஹோகனுடனான போட்டிக்கு ஒன்பது மாதங்களே முன்னர், ஜப்பானின் நகோயா நகரில் அன்டோனியோ இனோக்கியின் பிடியில் சிக்கித் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஹார்லி ரேஸ் முதலிய வீரர்கள் இவரைத் தூக்கி அறைந்துள்ளனர். இவ்வளவு ஏன், 1980இல் ஹோகனே அதைச் செய்திருந்தார். பதினைந்து ஆண்டுகள் என்னும் கணக்கும் பொருந்தவில்லை; 1987இலிருந்து பின்னோக்கி எண்ணினால், ஆந்த்ரே நியூயார்க்கிற்கு வருவதற்கு முந்தைய ஆண்டிற்குச் சென்று சேர்கிறது. இணையம் இல்லாத அக்காலத்தில் மெக்சிக்கோவில் நடந்தது மிச்சிகன் மாநிலத்தவரின் காதுகளுக்கு எட்டவில்லை.

எனினும் இத்தோல்விகள் வேறொன்றையும் உணர்த்துகின்றன. இனோக்கியும் கானெக்கும் ஆந்த்ரேயின் இசைவோடுதான் வென்றனர். இசைவின்றி என்ன நேரும் என்பதற்கு 1986 ஏப்ரல் 29 அன்று ஜப்பானின் சூ நகரில் அக்கிரா மயேதாவுடன் நடந்த போட்டி சான்றாகும். அதில் இருவரும் ஒருவரோடொருவர் ஒத்துழைக்க மறுத்தனர். மயேதா மீண்டும் மீண்டும் கால்களில் உதைத்தார். இறுதியில் ஆந்த்ரே களத்தில் மல்லாந்து படுத்துவிட, மயேதாவோ மேலே விழுந்து வெற்றியைப் பெறத் துணியாமல் நின்றார். போட்டி முடிவின்றி நிறுத்தப்பட்டது.

1987: ஹோகனுடனான போட்டி

மூத்த மக்மகானிடமிருந்து நிறுவனத்தை 1982இல் வாங்கிய மகன் வின்ஸ் மக்மகான், தந்தையின் முறைக்கு நேர்மாறாக, வட்டார எல்லைகளைத் தகர்த்து நாடு முழுவதையும் தொலைக்காட்சியால் பிடித்தார். வட்டாரங்கள் மறையத் தொடங்கியதும் ஊர் ஊராகச் சுற்றும் பேருருவ வீரருக்கான தேவையும் மறைந்தது. ஆந்த்ரேயின் உடலும் தளர்ந்துகொண்டிருந்தது. 1986இல் இங்கிலாந்தில் 'த பிரின்சஸ் பிரைட்' திரைப்படத்தில் ஃபெசிக் என்னும் பாத்திரத்தில் நடித்தபோது, முதுகுவலியால் நடிகை ராபின் ரைட்டைக் கைகளில் ஏந்தவும் இயலாமல் கம்பிகளின் துணை தேவைப்பட்டது. அவ்வாண்டில் அவருக்கு முதுகில் அறுவை மருத்துவம் செய்யப்பட்டது. சேர்த்துவைத்த தோல்வியின்மையைச் செலவிடுவதானால், எஞ்சியிருந்த காலம் சிறிதே.

1987இன் தொடக்கத்தில் கதை அமைக்கப்பட்டது. மூன்றாண்டுகள் வாகையராக இருந்ததற்காக ஹோகனுக்குப் பெரிய கோப்பையும், பதினைந்தாண்டுகள் தோல்வி காணாததற்காக ஆந்த்ரேக்குச் சிறிய கோப்பையும் தொலைக்காட்சியில் வழங்கப்பட்டன. மனம் புண்பட்ட ஆந்த்ரே, இரசிகர்களின் வெறுப்புக்குரிய மேலாளர் பாபி ஹீனனுடன் தோன்றி, நண்பராகக் கருதப்பட்ட ஹோகனைச் சவாலுக்கு அழைத்து, அவரது சட்டையையும் கழுத்திலிருந்த சிலுவையையும் பிய்த்தெறிந்தார். அமெரிக்க இரசிகர்கள் நெடுங்காலம் நேசித்த ஒருவர் வில்லனானார்.

போட்டி 1987 மார்ச் 29 அன்று மிச்சிகன் மாநிலத்தின் பான்டியாக் சில்வர்டோம் அரங்கில் நடைபெற்றது. வந்தோர் 93,173 பேர் என அறிவிக்கப்பட்டது. உண்மையில் 78,000 அளவிலேயே இருந்தனர் எனச் செய்தியாளர் டேவ் மெல்ட்சர் எழுதியதிலிருந்து இன்றுவரை இவ்வெண் விவாதத்திற்குரியதாகவே உள்ளது. ஆந்த்ரே தம் உடையின் உள்ளே முதுகுத் தாங்கி அணிந்திருந்தார். பன்னிரண்டு நிமிடங்கள் அளவே நீடித்த போட்டியில் அவரால் விரைந்து அசைய இயலவில்லை. போட்டி தொடங்கியவுடன் ஹோகன் அவரைத் தூக்க முயன்று, பாரம் தாங்காமல் அவருக்கு அடியில் விழுந்தார். இறுதியில் தூக்கி அறைந்தார்; மூன்று எண்ணப்பட்டது. தூக்கப்படுவதற்கு ஆந்த்ரேயும் ஒத்துழைக்க வேண்டும் என்பதால், அவ்வெற்றி ஹோகனின் வலிமையால் கிடைத்ததைப் போலவே ஆந்த்ரேயின் கொடையாகவும் கிடைத்தது எனலாம். பிற்காலத்தில் ஹோகன் இதைப் பற்றிக் கூறிய கதைகளில் ஆந்த்ரேயின் எடை ஏறிக்கொண்டே சென்றது.

இரசிகர்களின் விவாதங்கள்

முதல் விவாதம் போட்டியின் தொடக்கத்தைப் பற்றியது. ஹோகன் அடியில் விழுந்தபோது நடுவர் இரண்டு வரை எண்ணினாரா, மூன்றா? ஹோகன் மூன்றாவது எண்ணிக்கைக்குள் தோளை உயர்த்தவில்லை எனப் பலர் வாதிட்டனர். நிறுவனம் இவ்வையத்தை அடக்காமல் வளர்த்து, மறுபோட்டிக்குரிய காரணமாக்கிக்கொண்டது. 1988 பெப்ரவரி 5 அன்று இன்டியானாபொலிசில் நடந்த அம்மறுபோட்டியை அமெரிக்காவில் ஏறத்தாழ 3.3 கோடிப் பேர் தொலைக்காட்சியில் கண்டனர். ஹோகனின் தோள் தெளிவாக உயர்ந்திருந்தும் நடுவர் மூன்று எண்ணினார். 1984 ஜனவரி முதல் நீடித்த ஹோகனின் வாகையர் காலம் முடிந்தது. ஆந்த்ரே உடனே பட்டத்தை டெட் டிபியாசியிடம் கையளித்தமையால் அது செல்லாது என அறிவிக்கப்பட்டது. அவர் வாகையராக இருந்தது இரண்டு நிமிடங்களுக்கும் குறைவே.

இரண்டாவது விவாதம் ஆழமானது. நீண்ட வெற்றித்தொடர் ஒன்றை முறிக்கும் பெருமை யாருக்குச் செல்ல வேண்டும்? ஏற்கெனவே புகழின் உச்சியிலிருந்த ஹோகனுக்கு அது தேவையில்லை, வளரும் வீரர் ஒருவருக்குத் தந்திருந்தால் அடுத்த பத்தாண்டுகளுக்கு ஒரு நாயகன் கிடைத்திருப்பான் என்பது ஒரு தரப்பு. அறியப்படாதவரைப் பார்க்க அவ்வரங்கு நிரம்பியிருக்காது என்பது மறுதரப்பு. 1998 டிசம்பரில் கோல்ட்பர்க்கின் தொடர் கெவின் நாஷால் முறிக்கப்பட்டபோதும், 2014 ஏப்ரலில் ரெசில்மேனியாவில் 21 வெற்றிகள் பெற்றிருந்த அண்டர்டேக்கர் பிராக் லெஸ்னரிடம் தோற்றபோதும் இதே வாதங்கள் மீண்டும் எழுந்தன. கோல்ட்பர்க்கின் 173 வெற்றிகள் என்னும் எண்ணும் ஆந்த்ரேயின் பதினைந்து ஆண்டுகளைப் போன்றே ஊதப்பட்டது. ஆந்த்ரேயைப் பொறுத்தவரை முதல் தரப்பின் வாதம் வலுவற்றது. அவரது உடல்நிலை ஒரு புதியவர் வளர்வதற்குக் காத்திருக்க இடமளிக்கவில்லை.

இரசிகர்கள் குறைகூறத்தக்கது அதன் பின்னர் நடந்ததே. பதினைந்தாண்டுகள் வெல்ல இயலாதவர் எனப்பட்டவர் 1989இல் அல்டிமேட் வாரியரிடம் பல ஊர்களில் ஒரு நிமிடத்திற்கும் குறைந்த நேரத்தில் தோற்குமாறு அமைக்கப்பட்டார். நீண்ட போட்டியை அவரது உடல் தாங்காது என்பதும் உண்மையே.

இறுதிக்காலம்

1989 டிசம்பரில் ஹாக்குவுடன் இணைந்து இரட்டையர் பட்டத்தை வென்ற ஆந்த்ரே, 1990 ஏப்ரல் 1 அன்று டொராண்டோவில் அதை இழந்தார். தோல்விக்குத் தன்னைக் குறைகூறி அடித்த ஹீனனைத் திருப்பியடித்து, அன்றைய கூட்டத்தின் ஆரவாரத்தினூடே மீண்டும் நல்லவராக வெளியேறினார். பின்னர் ஜப்பானில் ஜயன்ட் பாபாவின் நிறுவனத்தில் பெரும்பாலும் நகைச்சுவை கலந்த குழுப் போட்டிகளில் பங்கேற்றார். தம் நோய்க்கு மருத்துவம் செய்துகொள்வதை அவர் தவிர்த்து வந்தார். 1992 டிசம்பரில் டோக்கியோவில் அவரது இறுதிப் போட்டி நடந்தது.

தந்தையின் இறுதிச் சடங்கிற்காகப் பிரான்ஸ் சென்றிருந்த ஆந்த்ரே, 1993 ஜனவரி இறுதியில் பாரிஸ் நகர விடுதி அறையொன்றில் உறக்கத்திலேயே இதயச் செயலிழப்பால் காலமானார். அவருக்கு அகவை 46. அவ்வாண்டு டபிள்யூ.டபிள்யூ.எஃப். தன் புகழ் மண்டபத்தைத் தோற்றுவித்தபோது அதில் சேர்க்கப்பட்ட ஒரே பெயர் அவருடையது. 2014 முதல் அவர் நினைவாகப் பலர் ஒரே களத்தில் மோதும் போட்டி ஒன்றும் நடத்தப்பட்டது. அதன் முதல் போட்டி, அண்டர்டேக்கரின் வெற்றித்தொடர் முடிந்த அதே இரவில் அதே அரங்கில் நடந்தது. ஆந்த்ரேயின் அஸ்தி வட கரோலினா மாநிலத்தின் எல்லர்பி ஊரில் அவருக்குச் சொந்தமாயிருந்த பண்ணையில் தூவப்பட்டது.