பாம்பியின் வீழ்ச்சி

உரோமாபுரியின் பெருந்தளபதிகளுள் ஒருவர் பாம்பி (கி.மு. 106-48). நடுநிலக்கடற் கொள்ளையரை ஒடுக்கிப் புகழெய்திய அவர், சீசரின் மகள் யூலியாவை மணந்தார். அவ்வம்மையார் கி.மு. 54-இல் மறைந்தபின், மாமன் மருகரிடை நட்புத் தேய்ந்தது. கி.மு. 49-இல் சீசர் படையோடு உரூபிக்கன் ஆற்றைக் கடக்கவே, உள்நாட்டுப் போர் மூண்டது. ஆட்சிமன்றத்தார் பலர் பாம்பியின் பக்கம் நின்றனர்.

மறு ஆண்டு, கிரேக்க நாட்டுப் பார்சாலசு என்னுமிடத்தில் இரு படைகளும் எதிர்நின்றன. சீசரின் வீரர் உணவின்றித் தளர்வர் என எண்ணிப் பாம்பி காலந்தாழ்த்தினார். அவர் கட்சியாரோ, வெற்றிக்கு முன்னரே பதவிகளின் பொருட்டுத் தமக்குள் பூசலிட்டனர்; உடனே போர் தொடுக்குமாறும் வற்புறுத்தினர். பாம்பி தம் கருத்தைக் கைவிட்டு இசைந்தார். அவருடைய பெருங்குதிரைப்படை பாய்ந்தபோது, சீசர் மறைத்து நிறுத்தியிருந்த காலாட்பிரிவுகள் எழுந்து தாக்கின. குதிரைப்படை சிதறியது, சேனை முழுதும் உடைந்தது. எகிப்துக்குத் தப்பிய பாம்பி, கரையேறுமுன் வஞ்சகமாகக் கொல்லப்பட்டார். அவர்தம் முத்திரை மோதிரத்தைக் கண்டு சீசரும் கண்ணீர் வடித்தாராம்.

கட்சியில் ஒற்றுமையும் தலைவனிடத்தில் உறுதியும் இல்லையாயின், பெரும்படையும் துணையாகாது.