நாடு திரும்ப முடியாத வீரனுக்குக் களம் அமைத்தவர்

குத்துச்சண்டை என்றதும் நம் நினைவுக்கு வருவோர் வீரர்களே. அவர்களை எதிரெதிரே நிறுத்தி, களம் தேடி, நுழைவுச்சீட்டு விற்ற ஏற்பாட்டாளர்களை நாம் அறிவதில்லை. அத்தகையோருள் முன்னோடியான ஜக் கேர்லியின் வாழ்க்கை, அந்நிய மண்ணில் வாழும் நாம் அறிந்திருக்க வேண்டியதொன்றாகும்.

அவரும் இடம்பெயர்ந்த குடும்பத்தின் பிள்ளையே. பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் 1870இல் மூண்ட யுத்தத்தால் ஊரை விட்டு வெளியேறிய அல்சாஸ் பெற்றோருக்கு, 1876இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார். ஸ்ட்ராஸ்பேர்க்கில் வளர்ந்து, இளவயதிலேயே அமெரிக்கா திரும்பினார். பெற்றோர் இட்ட பெயரை விடுத்து, ஜக் கேர்லி என்ற பெயரிலேயே தொழில் செய்தார்.

1911 செப்டெம்பர் 4இல் சிக்காகோவில் பிராங்க் கொட்ச், ஜோர்ஜ் ஹக்கன்ஸ்மிட் ஆகியோர் மோதிய மல்யுத்தப் போட்டியை நடத்தியதில் கேர்லிக்கு முக்கிய பங்குண்டு. பயிற்சியின்போது ஹக்கன்ஸ்மிட்டின் முழங்காலில் காயம் ஏற்பட்டிருந்தது. ஆயினும் போட்டி நிறுத்தப்படவில்லை, அவர் தோற்றார். வீரனின் உடல்நிலையைவிட விற்ற சீட்டுக்கே மதிப்பு என்பதை அத்தொழில் அன்றே காட்டிவிட்டது.

அப்போது உலக அதிபார குத்துச்சண்டை வீரராக விளங்கியவர் கறுப்பினத்தவரான ஜக் ஜோன்சன். வெள்ளையினப் பெண்களோடு அவர் கொண்ட உறவைப் பொறாத அதிகாரிகள், பெண்களைத் தீய நோக்குடன் மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்வதைத் தடுக்கும் சட்டத்தை அவர்மீது பாய்ச்சினர். 1913இல், வெள்ளையர் மட்டுமே அடங்கிய ஜூரிகள் அவரைக் குற்றவாளியெனக் கண்டனர். விதிக்கப்பட்ட தண்டனை ஓராண்டும் ஒரு நாளும். ஜோன்சன் கனடா வழியே ஐரோப்பாவுக்குத் தப்பினார்.

1914இல் ஐரோப்பாவில் உலக யுத்தம் மூண்டது. வருமானம் அருகிய ஜோன்சனுடன் கேர்லி ஒப்பந்தம் செய்தார். அமெரிக்க மண்ணில் கால் வைத்தால் ஜோன்சனுக்குச் சிறை. ஆகவே, மெக்சிக்கோவில் நடத்தத் திட்டமிட்ட போட்டி இறுதியில் கியூபாவின் ஹவானாவுக்கு மாறியது. 1915 ஏப்ரல் 5, கடும் வெயிலில், 37 வயதான ஜோன்சன் 26ஆவது சுற்றில் ஜெஸ் வில்லார்டிடம் வீழ்ந்தார்.

தோற்றால் தாயகம் திரும்ப வழி பிறக்கும் என்ற நம்பிக்கையிலேயே, ஏற்பாட்டின்படி விழுந்ததாக ஜோன்சன் பின்னர் கூறினார். வரலாற்றாசிரியர் பலர் அதனை ஏற்பதில்லை. முன்பே பேசி முடித்திருந்தால் 26 சுற்றுகள் வெயிலில் அடிபடுவானேன் என்பது அவர்கள் வாதம். உண்மை எதுவாயினும் வழி பிறக்கவில்லை. 1920இல் தாமாகவே சரணடைந்து, சிறைத் தண்டனையை அனுபவித்தார். 1946இல் இறந்த அவருக்கு அமெரிக்க ஜனாதிபதியின் மன்னிப்பு 2018இலேயே கிடைத்தது.

கேர்லியோ நியூயோர்க்கில் மல்யுத்தத் தொழிலின் பெரும்புள்ளியாக உயர்ந்து, 1937இல் மறைந்தார். முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்படும் காட்சியாக மல்யுத்தம் மாறியது அவர் காலத்திலேயே. அதனால் ஹவானா பற்றிய ஐயமும் அவர் பெயரை விட்டு அகலவில்லை.

அவரை வஞ்சகர் என்று தீர்ப்பளிக்க நம்மிடம் சான்றில்லை. ஆனால் ஒன்று தெளிவு. ஊர் திரும்பும் ஏக்கம் ஒருவனிடம் உள்ளவரை, அதற்கு விலை பேச எவரேனும் வருவர். ஜோன்சன் கூறியது பொய்யாகவே இருக்கலாம். எனினும் அதனைக் கேட்ட எவரும் இப்படியும் நடக்குமா என்று வியக்கவில்லை. நாமும் வியக்கமாட்டோம்.