நாடற்று வாழ்ந்த நாட்டுப்பற்றாளர்: எம்.பி.டி. ஆச்சாரியா

விடுதலைப் போர் வரலாற்றில் வ.உ.சி.யையும் பாரதியையும் போற்றும் நாம், அவர்தம் காலத்தவரான மண்டயம் பார்த்தசாரதி திருமலாச்சாரியாவைப் போதிய அளவு நினைப்பதில்லை. 1887-இல் சென்னையில் பிறந்த அவர், பாரதியார் ஆசிரியராக விளங்கிய 'இந்தியா' இதழ்ப் பணியில் இளமையிலேயே ஈடுபட்டார். 1908-இல் ஆங்கில அரசின் அடக்குமுறை முற்றவே, இதழ் புதுவைக்கு இடம்பெயர்ந்தது. செஞ்சி, மேல்சித்தாமூர்ப் பகுதியினராகிய நமக்கு அண்மையிலுள்ள அந்நகர், அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்தமையால் தேசபக்தர்க்குப் புகலிடமாயிற்று. அவ்வாண்டின் இறுதியில் ஆச்சாரியா கடல் கடந்தார்.

இலண்டன், பெர்லின், இஸ்தான்புல் எனப் பல நகரங்களில் அலைந்து, 1919-இல் இராஜா மகேந்திர பிரதாப், மௌலவி பரக்கத்துல்லா ஆகியோருடன் மாஸ்கோவில் லெனினைச் சந்தித்தார். 1920 அக்டோபர் 17-ஆம் நாள் தாஷ்கண்டில் இந்தியப் பொதுவுடைமைக் கட்சியைத் தோற்றுவித்த எழுவருள் அவரும் ஒருவர். முகமது ஷபீக் அதன் செயலாளரானார்.

ஆயினும், எம்.என். ராயின் போக்கோடு ஆச்சாரியா உடன்படவில்லை. பொதுவுடைமையை ஏற்காத விடுதலை வீரர்களுக்கு அவர் துணைநின்றார். அதுவே குற்றமாகி, 1921 சனவரியில், தாம் தோற்றுவித்த கட்சியினின்றே விலக்கப்பட்டார். பதவிக்காகக் கருத்தை மாற்றிக்கொள்ள அவர் அறியார்.

அந்நெருக்கடிக் காலத்தில் மாஸ்கோவில் அவருக்கு வாழ்க்கைத் துணையாக வாய்த்தவர், லியோன் பாக்ஸ்டிடம் ஓவியம் பயின்ற மக்தா நாக்மன் என்னும் உருசியப் பெண்மணி. 1922-இன் இறுதியில் இருவரும் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே ஆச்சாரியா, அரசின் வன்முறையையும் கட்சியின் சர்வாதிகாரத்தையும் ஒருங்கே எதிர்க்கும் அரசறுப்புக் கொள்கையை எழுதிவந்தார். மக்தாவின் தூரிகை குடும்ப வருவாய்க்குத் துணைநின்றது. எழுத்தாளர் நபக்கோவையும் அவர் ஓவியமாகத் தீட்டினார்.

1933-இல் இட்லர் ஆட்சிக்கு வந்தார். மக்தா தந்தைவழியில் யூதர், ஆச்சாரியாவோ கீழைநாட்டவர். ஆதலின் அங்கும் வாழ்வு அரிதாயிற்று. எந்த அரசை எதிர்த்து நாடு நீங்கினாரோ, அவ்வரசின் கடவுச்சீட்டைப் பெற்றே 1935-இல் ஆச்சாரியா பம்பாய் திரும்பினார்; பின்னர் மக்தாவும் வந்து சேர்ந்தார். சுமார் இருபத்தாறு ஆண்டுகள் அயல்நிலத்தில் கழிந்திருந்தன.

பம்பாயிலும் வறுமை விடவில்லை. 1951 பிப்ரவரி 12-இல், தம் ஓவியக் கண்காட்சி தொடங்கவிருந்த அன்றே மக்தா மறைந்தார். மனைவியின் ஓவியங்களே துணையாக, காசநோயோடு போராடிய ஆச்சாரியா 1954 மார்ச்சில் இயற்கை எய்தினார்.

பேரரசு, கட்சி, சர்வாதிகாரி என மூவகை ஆற்றலுக்கும் பணியாத இத்தமிழ்நாட்டு மகனின் வாழ்வை மாணவச் செல்வங்கள் ஊன்றிப் பயிலுதல் நன்று.