ஒரு துளி ரத்தத்தில் நோயைக் கண்ட டாக்டர் வைடால்

வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல். நான்கு நாள் ஆகிறது. ஐந்து நாள் ஆகிறது. காய்ச்சல் இறங்கவில்லை. தாய் கண் மூடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். டாக்டர் ஒரு சீட்டு எழுதி, ரத்தப் பரிசோதனை செய்து வரச் சொல்கிறார்.

அந்தச் சீட்டில் பல சமயம் "வைடால்" என்று எழுதியிருக்கும்.

வைடால் என்பது மருந்தின் பெயர் அல்ல. அது ஒரு மனிதரின் பெயர். அவர் ஒரு பிரெஞ்சு டாக்டர். இறந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் அவர் பெயர் நம் ஊர் மருத்துவமனைகளில் வழங்கி வருகிறது.

ராணுவ டாக்டரின் மகன்

பெர்னாண்டு வைடால் 1862-ம் ஆண்டு மார்ச் மாதம் 9-ந் தேதி பிறந்தார். பிறந்த ஊர் ஆப்பிரிக்காவின் வடகரையில், அல்ஜீரியா நாட்டில் உள்ள டெலிஸ் என்ற துறைமுகம். அப்பொழுது அல்ஜீரியாவைப் பிரான்சு ஆண்டு வந்தது. வைடாலின் தந்தை ராணுவத்தில் டாக்டர்.

வைடால் பாரிஸ் நகரில் வைத்தியம் படித்தார். பிள்ளை பெற்ற தாய்மார்களைக் கொன்று வந்த பிரசவ ஜன்னியைப் பற்றி ஆராய்ச்சி செய்து, 1889-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அதற்கு முந்தின ஆண்டே வேறு ஒரு வேலையிலும் இறங்கியிருந்தார். சாண்டமெஸ் என்ற டாக்டரும் அவரும் சேர்ந்து, டைபாய்டு கிருமிகளைச் சூடாக்கிக் கொன்றார்கள். செத்த கிருமிகளை விலங்குகளுக்கு ஊசி மூலம் செலுத்தினார்கள். பிறகு உயிருள்ள கிருமியைச் செலுத்தியபோது அந்த விலங்குகள் தாக்குப்பிடித்தன. டைபாய்டு தடுப்பு ஊசிக்கு வழி காட்டிய ஆரம்ப முயற்சிகளில் இதுவும் ஒன்று.

எந்தக் காய்ச்சல்?

டைபாய்டு என்பது குடலைத் தாக்கும் காய்ச்சல். அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் பரவும். அதை உண்டாக்கும் கிருமியை 1880-ம் ஆண்டில் ஏபெர்த் என்ற ஜெர்மன் விஞ்ஞானி கண்டார்.

ஆனால் ஒரு கஷ்டம் இருந்தது. டைபாய்டும் ஆரம்பத்தில் காய்ச்சல்தான்; மலேரியாவும் காய்ச்சல்தான்; காசநோயிலும் காய்ச்சல் வரும். நோயாளியைப் பார்த்த மாத்திரத்தில் இன்ன நோய் என்று சொல்வது திறமையான டாக்டருக்கும் கடினம்.

1896-ம் ஆண்டில் வியன்னா நகரில் குருபர் என்ற பேராசிரியரும், அவரிடம் வேலை செய்த டர்ஹாம் என்ற ஆங்கிலேயரும் ஒரு புதுமையைக் கண்டார்கள். நோய்க்கிருமி புகுந்த உடலின் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உண்டாகிறது. அந்த ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீரை அதே வகைக் கிருமிகளோடு கலந்தால், கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடுகின்றன. வேறு வகைக் கிருமிகள் அவ்வளவாக ஒட்டுவதில்லை. பெயர் தெரியாத கிருமியை இனம் காண இது நல்ல வழி என்று அவர்கள் காட்டினார்கள்.

கேள்வியைத் திருப்பினார்

வைடால் இதைத் திருப்பிப் போட்டார். ரத்தத்தைக் கொண்டு கிருமியைக் கண்டுபிடிக்கலாம் என்றால், தெரிந்த கிருமியைக் கொண்டு நோயாளியின் ரத்தத்தைச் சோதிக்கலாம் அல்லவா?

நோயிலிருந்து மீண்டவர்களின் ரத்தத்தில்தான் இந்தச் சக்தி இருக்கும் என்ற எண்ணம் அப்பொழுது இருந்தது. நோயாளி படுத்திருக்கும்போதே அது ரத்தத்தில் தோன்றிவிடுகிறது என்று வைடால் கண்டார். பிழைத்த பிறகு நோயின் பெயர் தெரிந்து என்ன பயன்? படுக்கையில் இருக்கும்போதே தெரிந்தால் அல்லவா உதவி!

சோதனை மிக எளிது. டைபாய்டு கிருமிகள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மீன்குஞ்சுகளைப் போல் நீந்திக்கொண்டிருக்கும். நோயாளியின் ரத்தத்திலிருந்து எடுத்த தெளிந்த நீரை அதில் சேர்க்க வேண்டும். டைபாய்டாக இருந்தால் கிருமிகள் ஓட்டம் நின்று, கும்பல் கும்பலாக ஒட்டிக்கொள்ளும்.

1896-ம் ஆண்டு ஜூன் மாதம் 26-ந் தேதி பாரிஸ் டாக்டர்கள் சங்கத்தில் இதை அவர் அறிவித்தார். அதே சமயத்தில் குருன்பாம் என்பவரும் இதே ஆராய்ச்சியில் இருந்தார். ஆனால் வைடால் முந்திக்கொண்டார். பெயரும் அவருக்கே நிலைத்தது.

தபாலில் போன ரத்தம்

செய்தி வேகமாகப் பரவியது. அதே ஆண்டில் கனடாவில் ஜான்ஸ்டன் என்ற டாக்டர், உலர்ந்த ரத்தத் துளியே போதும் என்று காட்டினார். தொலைவில் உள்ள நோயாளியின் ரத்தத்தைக் காயவைத்துத் தபாலில் அனுப்பினால் சோதனை செய்துவிடலாம்!

நோயைக் கண்டுபிடித்தாலும் அப்பொழுது டைபாய்டைத் தீர்க்க மருந்து கிடையாது. குளோரம்பெனிகால் என்ற மருந்து 1948-ல்தான் பயனுக்கு வந்தது. அப்படியானால் சோதனையால் என்ன லாபம்? நோயாளிக்குக் குடல் புண்ணாகாதபடி ஆகாரம் கொடுக்கலாம். அவருடைய மலத்தைப் பத்திரமாக அப்புறப்படுத்தலாம். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கலாம். வீட்டில் உள்ள மற்றவர்கள் தப்பலாம்.

உப்பில்லாப் பத்தியம்

வைடால் இதோடு நிற்கவில்லை. சிறுநீரகம் கெட்டு உடம்பு வீங்கும் நோயாளிகளை ஆராய்ந்தார். உணவில் உப்பைக் கூட்டியும் குறைத்தும் கொடுத்து, அவர்களை எடை பார்த்து வந்தார். உப்பு கூடினால் உடம்பில் நீர் தங்கியது. குறைத்தால் வீக்கம் வடிந்தது. 1903-ல் இதை வெளியிட்டார். இன்றும் சிறுநீரக நோயாளிகளுக்கு உப்பைக் குறைக்கச் சொல்கிறார்கள்.

பாரிஸில் கொச்சேன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே, மாணவர்களுக்குப் பேராசிரியராகவும் விளங்கினார். பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் அவரை உறுப்பினராக்கியது. 1929-ம் ஆண்டு ஜனவரி மாதம் 14-ந் தேதி பாரிஸில் காலமானார். அந்நகரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

குறையும் உண்டு

வைடால் சோதனையில் குறையும் உண்டு. காய்ச்சல் வந்த முதல் சில நாளில் செய்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம். முன்பு டைபாய்டு வந்தவர்களுக்கும் தடுப்பு ஊசி போட்டவர்களுக்கும் தவறான முடிவு வரக்கூடும். ஆகவே, ரத்தத்திலிருந்து கிருமியையே வளர்த்துப் பார்க்கும் சோதனைதான் மேலானது என்று இன்றைய டாக்டர்கள் கூறுகிறார்கள். வசதி குறைந்த இடங்களில் வைடால் சோதனை இன்னும் நடக்கிறது.

ஆனால் அவர் காட்டிய வழி வளர்ந்துகொண்டே இருக்கிறது. இப்பொழுது உள்ளங்கையில் அடங்கும் சிறு வில்லைகளைச் செய்கிறார்கள். அவற்றினுள் தலைமுடி போன்ற மெல்லிய வாய்க்கால்கள் ஓடுகின்றன. ஒரு துளி ரத்தம் அவற்றின் வழியே செல்லும். வழியில் கிருமியின் சத்தைத் தடவி வைத்திருப்பார்கள். எதிர்ப்புப் பொருள் இருந்தால் அங்கே ஒட்டிக்கொள்ளும். கருவி அதைத் தானாகவே அறிந்து சொல்லிவிடும். ஒரே துளியில் பல நோய்களைத் தேடவும் முடியும்.

மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்து வைடால் கேட்டதும், இந்தச் சிறு வில்லை கேட்பதும் ஒரே கேள்விதான். இந்த உடல் எந்தக் கிருமியோடு போராடுகிறது? கேட்டால் ரத்தம் பதில் சொல்லும் என்று காட்டியவர் டாக்டர் வைடால்.